சொல்லும் பொருளும்: ‘டியூ’ என்றால் தவணை மட்டும்தானா?

கேள்வி: ‘‘கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனும், வங்கியில் நகைக்கடனும் வாங்கியிருக்கிறேன். வங்கியிலிருந்து செல்போனுக்கு வரும் செய்தியில் ஒருமுறை ‘டியூ’ என்றும், இன்னொரு முறை ‘ஓவர்டியூ’ என்றும் வருகிறது. புதிதாகக் கடன் கேட்டால், ‘நோ டியூ வாங்கி வாருங்கள்’ என்கிறார்கள். கரன்ட் நிறுத்தம் பற்றிய செய்தியிலும் ‘டியூ’ இருக்கிறது. டியூ என்றால் தவணை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எல்லாம் ஒரே பொருள்தானா?’’

- நிலக்கடலை சாகுபடி செய்யும் வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: கிராமத்தில் ‘டிராக்டருக்கு டியூ கட்டணும்’, ‘இந்த மாசம் டியூ நின்னுபோச்சு’ என்று சொல்லிச் சொல்லி, டியூ என்றாலே தவணைப் பணம் என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் தவணைக்கு ‘இன்ஸ்டால்மென்ட்’ என்று தனிச்சொல் உண்டு. ‘டியூ’ அதைவிட அகலமான சொல். அதற்குப் பக்கத்தில் வரக்கூடிய தமிழ்ச் சொல் ‘உரிய’ என்பதுதான். உரிய தேதி, உரிய தொகை, உரிய கவனம் ஆகிய மூன்று இடத்திலும் ஆங்கிலத்தில் டியூ வரும். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, செய்ய வேண்டியது எல்லாமே டியூ.

லத்தீன் மொழியில் ‘கடன்பட்டிருத்தல்’ என்ற பொருள் உள்ள ஒரு வினைச்சொல்லில் இருந்து இது பிறந்தது. வங்கிப் புத்தகத்தில் வரும் ‘டெபிட்’, வேலைக்குப் போகிறவர் சொல்லும் ‘டியூட்டி’ இரண்டும் இதற்கு உறவுக்காரச் சொற்கள். தமிழுக்கும் இது புதிதல்ல. கடன் என்றால் வாங்கிய பணம். நேர்த்திக்கடன், காலைக்கடன், நன்றிக்கடன் என்று சொல்லும்போது அதே சொல் செய்தே தீர வேண்டிய கடமை. இதை மனதில் வைத்துக்கொண்டால் டியூ வரும் இடமெல்லாம் பிடிபட்டுவிடும்.

டியூ டேட்

கடனைக் கட்டுவதற்கு உரிய கடைசி நாள் இது. ‘லோன் இஸ் டியூ ஆன் 15 மார்ச்’ என்று செய்தி வந்தால், மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும் என்று அர்த்தம். தவறு நடந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பயப்பட வேண்டியதில்லை. ஆனால், அந்தத் தேதியை அலட்சியமாக விடவும் கூடாது.

காரணம், பயிர்க்கடனின் வட்டிச் சலுகை முழுவதும் அந்த ஒரு தேதியில்தான் தொங்குகிறது. கிசான் கிரெடிட் கார்டு மூலம் வாங்கும் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு, 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவிகித வட்டி. உரிய தேதிக்குள் கட்டினால் 3 சதவிகிதம் ஊக்கச் சலுகை கிடைத்து, வட்டி 4 சதவிகிதமாகிறது. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஓராண்டுக் கணக்குப் போட்டால், தேதிக்குள் கட்டியவருக்கு வட்டி 4,000 ரூபாய்; தேதி தவறியவருக்கு இந்த 3,000 ரூபாய் சலுகை கைவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் வாங்கும் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. தேதி தாண்டினால் வட்டி வந்துவிடும். அறுவடை முடிந்து, விற்ற பணம் கைக்கு வரப் பத்து நாள் ஆகும் என்ற நிலையில், இந்தத் தேதியை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். கடன் வாங்கும் அன்றே தேதியைக் கேட்டு, வீட்டு நாட்காட்டியில் வட்டம் போட்டு வைப்பது நல்லது.

ஓவர்டியூ

‘ஓவர்’ சேர்ந்தால், உரிய தேதி கடந்துவிட்டது என்று பொருள். மார்ச் 15 டியூ என்றால், 16-ம் தேதி முதல் ஓவர்டியூ. ஒரே ஒரு நாள்தான் இடைவெளி. ‘பாஸ்ட் டியூ’ என்று வந்தாலும் இதே பொருள்தான்.

அதேநேரம், ஓவர்டியூ வேறு, வாராக்கடன் வேறு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் இரண்டு பயிர்ப் பருவங்கள் வரை நிலுவையில் நின்றால்தான் வாராக்கடன். நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம். எனவே, ஓவர்டியூ என்ற செய்தியைப் பார்த்ததும் வங்கிப் பக்கம் போகாமல் ஒதுங்குவது சரியல்ல. மழை, வறட்சியால் மகசூல் போயிருந்தால், அதை எழுத்து மூலம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

நகைக்கடனில் இன்னும் கவனம் தேவை. பெரும்பாலும் 12 மாதக் கெடு இருக்கும். ஓவர்டியூ ஆகி, அதன்பிறகும் கட்டாமல் விட்டால், ஏல அறிவிப்பு வரும். அந்தத் தபாலில் உள்ள தேதியை வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவரை வைத்து அன்றே பார்த்துவிட வேண்டும்.

நோ டியூ

கட்ட வேண்டியது எதுவும் பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுக்கும் சான்று இது. கடைசிப் பணத்தைக் கட்டிய ரசீது மட்டும் இதற்கு ஈடாகாது. வட்டியிலோ, கட்டணத்திலோ சில நூறு ரூபாய் பாக்கி நின்றால்கூட கணக்கு முடியாமல் கிடக்கும். பிறகு வேறு வங்கியில் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும். ஆகவே, கடனை முடித்த கையோடு இந்தச் சான்றை வாங்கி, பட்டா, பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். நிலத்தை அடமானமாகப் பதிவு செய்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவாகி, வில்லங்கச் சான்றிலும் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விவசாயிக்கு வர வேண்டிய டியூ

டியூ என்றாலே விவசாயி கொடுக்க வேண்டியது என்று நினைப்பதில்தான் பெரிய நஷ்டம். அவருக்கு வர வேண்டியதும் டியூதான். சர்க்கரை ஆலைகள் விவசாயிகளுக்குத் தர வேண்டிய பாக்கியை ஆங்கில நாளிதழ்கள் ‘கேன் டியூஸ்’ என்றே எழுதுகின்றன. 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஒப்படைத்த 14 நாள்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தாமதமானால், ஆண்டுக்கு 15 சதவிகிதம் வட்டி சேர்த்துத் தர வேண்டும். விவசாயிக்கு டியூ டேட் இருப்பதுபோல ஆலைக்கும் உண்டு.

கணக்குச் சீட்டில் பின்னால் வரும் குட்டிச் சொல்லைப் பார்த்தால் போதும். ‘டியூ ஃப்ரம் ஃபார்மர்’ என்றால் விவசாயியிடமிருந்து வர வேண்டியது. ‘டியூ டு ஃபார்மர்’ என்றால் விவசாயிக்குச் சேர வேண்டியது. ஃப்ரம், டு இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

மாட்டுக் கொட்டகையில்

பணமே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் உண்டு. கன்று ஈனும் நாளைச் சொல்லும்போது ‘த கவ் இஸ் டியூ இன் அக்டோபர்’ என்பார்கள். ஜனவரி 10-ம் தேதி சினை ஊசி போட்டுச் சினை பிடித்த பசு, ஏறக்குறைய 280 நாள் கணக்கில் அக்டோபர் 17-ஐ ஒட்டி ஈனும். தடுப்பூசி அட்டையில் ‘நெக்ஸ்ட் டியூ’ என்று இருந்தால், அடுத்த ஊசிக்கு உரிய நாள். கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்பதால், இந்தத் தேதியும் நாட்காட்டியில் ஏற வேண்டியதுதான்.

காரணம் சொல்லும் ‘டியூ டு’

‘பவர் ஷட்டவுன் டியூ டு மெயின்டனன்ஸ்’ என்ற செய்தியில் வருவது வேறு வேலை செய்யும் டியூ. இங்கே ‘டியூ டு’ என்றால் ‘காரணமாக’. பராமரிப்புப் பணி காரணமாக மின்தடை, அவ்வளவுதான். ‘அப்ளிகேஷன் ரிஜெக்டட் டியூ டு...’ என்று வந்தால், அதற்கு அடுத்து வருவதுதான் விண்ணப்பம் தள்ளுபடியான காரணம். அதைப் படித்துச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். ‘டியூ டு’வுக்குப் பின்னால் ஆள், நிறுவனம் வந்தால் சேர வேண்டிய பணம், மழை, பழுது, தவறு போன்றவை வந்தால் காரணம். பெரும்பாலான இடங்களில் இந்த அடையாளம் போதும்.

ஏமாற்றும் டியூ

‘கரன்ட் பில் டியூ. இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும். இந்த எண்ணுக்குப் பேசவும்’ என்று வரும் செய்திகளில் பல, மோசடிக்காரர்கள் அனுப்புபவை. பாக்கி இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், அந்த எண்ணுக்குப் பேசாமல், லிங்க்கையும் தொடாமல், நேரில் மின்வாரிய அலுவலகத்திலோ வங்கியிலோ கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

வீட்டுப் பிள்ளைகளுக்கு

பனித்துளிக்கும் ஆங்கிலத்தில் ‘டியூ’தான். உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. டி, யு, இ என்று எழுதினால் உரியது; டி, இ, டபிள்யூ என்று எழுதினால் பனி.

இந்த மூன்றுக்கும் பொருள் சொல்லிப் பாருங்கள்:

1. க்ராப் லாஸ் டியூ டு ஃப்ளட்.
2. இன்ட்ரஸ்ட் இஸ் டியூ டுமாரோ.
3. அமௌன்ட் டியூ டு ஃபார்மர்: 12,000 ரூபாய்.

விடை: 1. வெள்ளத்தால் பயிர்ச் சேதம். 2. நாளைக்குள் வட்டி கட்ட வேண்டும். 3. விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை 12,000 ரூபாய். மூன்றாவதைக் கேட்டு வாங்க மறந்துவிடக் கூடாது.