ஸலாம் கொடுக்கையில் வரும் மயக்கம்

தொழுகையின் இறுதியில் ஸலாம் கொடுக்கப் பெரியவர் கழுத்தைத் திருப்புகிறார். கண் இருள்கிறது, பக்கத்திலிருப்பவர் மீது சாய்கிறார். அரை நிமிடத்தில் தெளிந்து, “ஒன்றுமில்லை, இலேசான கிறுகிறுப்பு” என்கிறார். வீட்டார் சர்க்கரை என்பர், பித்தம் என்பர். சிலர் ஓதிய தண்ணீருக்காக மதரஸாவுக்கு வருவர். ஓதிக் கொடுப்பதில் நமக்குத் தயக்கமில்லை. அத்துடன் நிறுத்திக் கொள்வதுதான் முறையன்று. அடுத்த முறை அவர் கிணற்றடியிலோ படிக்கட்டிலோ விழக்கூடும்.

கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் தமனிகள் உள்ளன. அரபியில் இதன் பெயர் அஷ்ஷிர்யானுஸ் ஸுபாத்தீ. ‘ஸுபாத்’ எனும் சொல்லை அந்நபஃ அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தில் உறக்கத்தைக் குறித்து நாம் ஓதி வருகிறோம். கிரேக்கப் பெயரின் வேரும் மயக்கத்தையே சுட்டுகிறது.

தாடைக்குக் கீழே அத்தமனி இரண்டாகப் பிரியுமிடத்தில் ஒரு சிறு புடைப்பு உண்டு. இரத்த அழுத்தத்தை உணர்ந்து மூளைக்குத் தெரிவிப்பது அதன் பணி. முதுமையில் சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, அது மிகைப்பட உணர்ச்சி கொள்கிறது. இறுகிய காலர், முகச்சவரம், சட்டெனத் திரும்புதல் ஆகியவற்றில் ஒன்றே போதும். அழுத்தம் ஏறிவிட்டதாக எண்ணி மூளை இதயத்தை மந்தப்படுத்தும், அல்லது இரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். 1933இல் பாஸ்டன் நகரில் ஸோமா வைஸ், ஜேம்ஸ் பேக்கர் எனும் மருத்துவர்கள் இதனை விவரித்து எழுதினர். (நம்மூர்ப்புறத்துக் காலர் பனியன்மீது குற்றமில்லை, மேல் பொத்தானைக் கழற்றிவிட்டால் போதும். ஒளூவில் பிடரியைத் தடவுவதற்கும் அஞ்ச வேண்டா. அக்கை முன்கழுத்தை அழுத்துவதில்லை.)

சாதாரண இ.சி.ஜி. சரியாக இருக்கிறதென்று திருப்தியடைந்துவிடலாகாது. இதய மருத்துவர், முதியவரைப் படுக்க வைத்தும் நிமிர்த்தியும், ஒரு நேரத்தில் ஒரு பக்கமாக, 5 முதல் 10 விநாடி கழுத்தைப் பிசைந்து, இ.சி.ஜி.யையும் இரத்த அழுத்தத்தையும் இடைவிடாது நோக்குவார். இதயம் 3 விநாடியோ அதற்கு மேலோ நின்று, அல்லது மேல் அழுத்தம் 50 புள்ளி இறங்கி, கூடவே பழைய மயக்கமும் திரும்பினால் நோய் இதுவே. மயக்கமே கண்டிராத முதியோர் பலரிடமும் அவ்விறக்கம் தென்படும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்க்கு இச்சோதனை கூடாது. ஆதலால் வீட்டில் எவரும் பிசைந்து பார்க்கலாகாது.

விழுந்தவரைக் கேட்டால், “கால் இடறிற்று” என்பார். நினைவிழந்ததே பலருக்கு நினைவிலிருப்பதில்லை. கண்டவரே சாட்சி. எப்பக்கம் திரும்பினார், காலர் மூடியிருந்ததா, எத்தனை நேரம் கிடந்தார், என்னென்ன மாத்திரை உண்கிறார் என்பவற்றை எழுதிக் கொண்டு, அத்தாவுடன் நீங்களும் செல்லுங்கள். இதயம் நின்று நின்று ஓடுவதே காரணமெனில் பேஸ்மேக்கர் வைப்பர். அழுத்தம் வீழ்வதே காரணமெனில் முதலில் மாத்திரைகளை மாற்றிப் பார்ப்பர்.