என் பெயரில் நர்சரி பள்ளி வேண்டாம், பிள்ளைகளே

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஓடும் பேச்சை நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நர்சரி பள்ளி கட்டி, அதற்கு என் பெயரை வைப்பதாக முடிவு செய்திருக்கிறீர்கள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நான் முந்தி, நீ முந்தி என்று பணம் தரச் சொல்கிறீர்கள். என் அண்ணன் பேரன் முகப்பு வளைவுக்குப் படமே வரைந்து அனுப்பிவிட்டான். பார்த்ததும் கண் கலங்கியது நிஜம். ஆனாலும் எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்தக் குடியிருப்புக்கு வேண்டியது அங்கன்வாடி. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பால்வாடி.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. இதுவரை உங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

1986 என்று நினைவு. நாலாம் வகுப்பில் ஒரு பெண். கணக்கில் கெட்டி. தினமும் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். அப்பா, அம்மா இரண்டு பேரும் கரிமூட்ட வேலை. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசித் தீ வைத்தால் இராப்பகலாகக் காவல் இருக்க வேண்டும். அந்தப் புகையில் கைப்பிள்ளையை எங்கே போடுவது? அதனால் அக்கா இடுப்பு. ஒருநாள் அந்தத் தம்பி வருகைப் பதிவேட்டின் மேலேயே ஈரம் பண்ணிவிட்டான். மறுநாள் ஆய்வு. நான் கோபத்தில், "பிள்ளை வளர்க்கணும்னா வீட்டுல இருந்து வள, இங்க வராதே" என்று சொல்லிவிட்டேன். அவள் வரவே இல்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "தம்பிய யார் பாக்குறது டீச்சர்?" என்ற அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

போன மாதம் அந்தக் குடியிருப்புக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டியாகிவிட்டாள். பக்கத்தில் பேத்தி, மூன்றாம் வகுப்பு படிக்கிற வயசு, இடுப்பில் ஒரு குழந்தை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் உள்ள நாள். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

பாலர் பள்ளி என்றால் மூன்று வயசுப் பிள்ளைக்கு ஏ, பி, சி, டி என்று குழுவில் சிலர் நினைக்கிறீர்கள். எனக்கு அது முதலில் அந்த அக்காவின் இடுப்பை விடுவிக்கிற இடம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு, இரண்டு வயதிலிருந்து ஐந்து வரை உள்ள குழந்தைகளுக்கும் மையங்களில் சோறு போட்டார்கள். பெரிய ஊரில் மையம் வந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரவில்லை. இன்றைக்கும் அவர்கள் இரண்டு கிலோமீட்டர் நடந்து இங்கே வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பாதை தண்ணீருக்குள். வராததற்கு வேறு காரணமும் இருக்கிறது. அது உங்களுக்கும் தெரியும், நமக்குள் மூடி மறைக்க ஒன்றுமில்லை.

சரி, நாமே நடத்தினால் என்ன? பக்கத்து ஊரில் ஒரு நல்ல மனிதர் சொந்தப் பணத்தில் நர்சரி கட்டினார். வண்ணம், ஊஞ்சல், டை எல்லாம் இருந்தது. இரண்டு வருஷம் நடந்தது. ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் மூன்றாம் வருஷம் பூட்டு. இப்போது அதற்குள் கரி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கட்டுவதற்கு ஒரு தடவை பணம் போதும். நடத்துவதற்கு மாதா மாதம் வேண்டும். அங்கன்வாடி என்றால் பணியாளர், உதவியாளர் ஊதியம், அரிசி, பருப்பு, சத்துமாவு, வாரத்துக்கு மூன்று முட்டை எல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பு. மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதுவார்கள். தடுப்பூசி நாள் உண்டு. கர்ப்பிணிகளையும் கவனிப்பார்கள். எந்த நர்சரி இதைச் செய்யும்?

இது யாரும் போடுகிற பிச்சையும் அல்ல. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. நானும் அந்தப் பாட்டியும் வீடு வீடாகப் போய் எண்ணினோம். 46 குழந்தைகள். பெயர், பிறந்த தேதி எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதம் என்பது தாளில். 35 வருஷம் அரசாங்க வேலை பார்த்தவளுக்கு அது தெரியாதா? அதனால்தான் படித்த நீங்கள் பின்னால் நிற்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசாங்கக் கை எட்டாத இடத்தில் அதைப் போடுங்கள். ஒன்று, இடமும் கட்டடமும். வாடகை வீட்டுத் திண்ணையில் மையம் தொடங்கினால் அங்கேயே இருந்துவிடும். இடத்தை வாங்கிப் பஞ்சாயத்து பெயருக்குத் தானப்பத்திரம் எழுதிவிடுவோம். ஜன்னல் மூன்று வயசுப் பிள்ளை எட்டிப் பார்க்கிற உயரத்தில் இருக்கட்டும். சமையலறை தனியாக, அடுப்பு பிள்ளைகள் கைக்கு எட்டாமல். சுவரின் அடிப்பக்கம் முழுக்கக் கரும்பலகை, கிறுக்கட்டும். காவிரித் தண்ணீருக்கு ஒரு தொட்டி கட்டாயம், நம் பக்கத்து நிலத்தடி நீரைக் குழந்தைகள் வாயில் வைக்க முடியாது.

இரண்டாவது, சாயங்காலம். மையம் மூடி வெகுநேரம் கழித்துத்தான் தாய் வேலையிலிருந்து திரும்புகிறாள். அந்த இடைவெளியில் குழந்தை மறுபடி அக்கா இடுப்புக்குத்தான் வரும். அந்தக் குடியிருப்பிலேயே இரண்டு பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, ஆறு மணி வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். வளைவுக்கு ஒதுக்கிய பணத்தைக் கேட்டேன். இரண்டு பேருக்கு ஒரு வருஷச் சம்பளம் அதிலேயே வந்துவிடும்.

"அங்கன்வாடியில் இங்கிலீஷ் வருமா டீச்சர்?" என்று குழுவில் ஒருவன் கேட்டிருந்தான். உனக்கு ஆறாம் வகுப்பில்தான் ஆங்கில எழுத்தே அறிமுகம். இப்போது லண்டனில் இருக்கிறாய். அந்த வயசுக்குப் புளியங்கொட்டையும் பாட்டும் களிமண்ணும் போதும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் வைக்க வேண்டும். ஊரில் வாக்குள்ளவர்கள் அன்றைக்குக் கட்டாயம் வாருங்கள். கண்மாய்க்கு இந்தப் பக்கத்து ஆட்களும் கை தூக்கினால்தான் அது ஊர்த் தீர்மானம். மனுவோடு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்கு நான் போகிறேன். மூட்டு வலி இருக்கிறது, துணைக்கு இரண்டு பேர் வேண்டும்.

வளைவு வரைந்த பேரனுக்கு: கோபித்துக்கொள்ளாதே ராசா. மூன்று வயசுப் பிள்ளை பயப்படாமல் உட்காருகிற மாதிரி சின்னக் கழிப்பறைக்கு அளவு எடுத்து ஒரு படம் வரைந்து இந்த வாரத்துக்குள் அனுப்பு. கதவு உள்ளே தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கட்டும்.