ஒரு நிமிஷம் சும்மா இருங்கள்!

சென்ற மாதம் கோடைக்கானல் போயிருந்தேன். கோக்கர்ஸ் வாக்கில் ஒரு வழிகாட்டி இளைஞர், வெளிநாட்டுத் தம்பதிக்கு இங்கிலீஷில் விளக்கிக்கொண்டு வந்தார். 1863-இல் லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கியது, 1872-இல் லெப்டினென்ட் கோக்கர் இந்தப் பாதையைப் போட்டது எல்லாம் அருவி மாதிரி கொட்டியது. அசந்து போனேன்!

அப்போது பள்ளத்தாக்கை மஞ்சு மூடிவிட்டது. "இது கலையுமா? காத்திருக்கட்டுமா, ஏரிக்குப் போய்விட்டு வரட்டுமா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். அருவி சட்டென்று நின்றுவிட்டது. பிறந்து வளர்ந்த மலை. விடை அவருக்குத் தெரியாதா? மனப்பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை, அவ்வளவுதான். நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அவர் முகம் வாடியதை அப்புறம்தான் கவனித்தேன்.

இந்தச் சங்கடத்துக்கு வழி தேடியவர், சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் அட்டவணை, ஊர்ப் படம் இப்படி ஏதாவது ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவார்கள். முதல் கணக்கை ஆசிரியர், வகுப்போடு சேர்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டுப் போடுவார். அதைப் போன்ற இரண்டாவது கணக்கை ஒவ்வொரு பிள்ளையும் தானே போட வேண்டும். விடை சரியா என்பதுதான் முக்கியம். வகுப்பில் பாதிப் பேராவது பாதிக் கணக்கையாவது போட முடிந்தால், அந்தக் கணக்கு அவர்களுக்கு ஏற்றது என்று கொள்வார்கள்.

மறுநாள் அந்த இளைஞரைத் தேடிப் பிடித்தேன். "தம்பி, ஏழு மணிக்குக் கோடை ரோடில் ரயில். மலை இறங்க மூன்று மணி நேரம். எப்போது புறப்படலாம்? இங்கிலீஷில் சொல்லுங்கள்" என்றேன்.

திக்கினார். என் நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் போயிற்று.

"நாலு மணி... இல்லை சார், மூன்று. சாயங்காலம் மஞ்சு வரும், பஸ் மெதுவாகப் போகும்" என்றார், தட்டுத் தடுமாறி, இங்கிலீஷிலேயே. இலக்கணம் நொண்டியது. ஆனால் மஞ்சைப் பற்றி நான் நினைக்கவே இல்லையே!

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் இங்கிலீஷில் திக்கலாம். முதல் தடவை கூட இருந்து சொல்லிக் கொடுங்கள். அடுத்த தடவை ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். ரொம்ப நீளமான நிமிஷம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்!