மழை விட்டதும் பின்குசினி

எங்கள் வீட்டில் இரண்டு குசினிகள் உண்டு. ஒன்று உள்ளே, டைல்ஸ் பதித்து கேஸ் அடுப்பு வைத்தது. மற்றது பின்வாசலுக்கு வெளியே, மதிலோடு சேர்த்துத் தகரம் இறக்கிய சிறிய தாவாரம். அங்கே ஒரு மூன்று கல் அடுப்பு, ஓர் இரண்டு வாய் மண் அடுப்பு, விறகு அடுக்க ஒரு பலகை, ஒரு தண்ணீர்க் குழாய். கிருலப்பனையில் எங்கள் ஒழுங்கையில், பின்புறம் நாலடி நிலம் மிஞ்சிய வீடுகளில் பெரும்பாலும் இப்படி ஒன்று இருக்கிறது. மே மாதம் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கியதும் அந்தப் பக்கம் போவது குறைந்துவிடும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் தோறும் இடியோடு கொட்டும் மழையும் முடிந்து, டிசம்பர் கடைசியில் வெயில் நிலைக்கும்போதுதான் பின்குசினியின் நினைவு வரும். அந்த நினைவு வீட்டில் பெண்களுக்கு மட்டுமே வருகிறது என்பதுதான் என் முறைப்பாடு.

சென்ற நோன்பின் முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அஸர் தொழுதுவிட்டு உம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுக்கிற கஞ்சி. தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டுகிற நேரத்தில் அடுப்பின் ஒரு கல் தரைக்குள் இறங்கியது. பெரிய அலுமினியச் சட்டி சரிந்து, கொதிக்கிற கஞ்சி உம்மாவின் இடது காலில் கொட்டியது. மூன்று வாரம் அவரால் செருப்புப் போட முடியவில்லை. நோன்பையும் விடவில்லை, காலில் சீலையைச் சுற்றிக்கொண்டு மறுநாள் கஞ்சியையும் விடவில்லை.

பார்க்க வந்தவர்கள் கண்ணூறு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தகரத்தின் பீலி ஜூன் மாதத்திலிருந்தே உடைந்து கிடந்தது. ஆறு மாத மழைத் தண்ணீர் முழுவதும் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே விழுந்து, கீழே மண்ணை அரித்துக் குழியாக்கியிருந்தது. மேலே பார்த்தால் தரை காய்ந்துதான் இருந்தது. அதே ஷஃபான் மாதத்தில் எங்கள் வீட்டு ஹோலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தோம். அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு போதும், பீலியை மாற்றியிருக்கலாம். இதை எழுதுவதற்கு வாப்பாவிடம் அனுமதி கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுங்க மகள்" என்றார்.

மழைக்குப் பிறகு பின்குசினியைத் திறப்பது என்றால் நாம் செய்வது என்ன? நோன்புக்கு இரண்டு நாள் முன்பு ஈக்கில் விளக்குமாற்றால் கூட்டி, பழைய சாம்பலை அள்ளி, அன்றைக்கே விறகை மூட்டுகிறோம். அது துப்புரவாக்குவது மட்டுந்தான். மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்த இடத்தில் நெருப்பு வைக்குமுன் செய்யவேண்டியது வேறு. ஊறிய கருங்கல்லிலும் சீமெந்துக் கல்லிலும் திடீரென்று சூடு பட்டால், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லையே தெறிக்கச் செய்யும். ஆகவே கற்களைப் பிடுங்கி வெயிலில் போட வேண்டும். அவை இருந்த தரையை இரும்புக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். இடம் பொதபொதவென்றிருந்தால் தோண்டி, கல்லுடைசல் போட்டு இடித்து இறுக்க வேண்டும். மண் அடுப்பின் வெடிப்புகளைக் களிமண் பூசிக் காயவிட்டு, முதல் நாள் இரண்டு கை சிரட்டையை மட்டும் எரித்து ஆறவிட வேண்டும். அந்த இரண்டு வாய் அடுப்பைச் சிங்களத்தில் 'அனகி' என்பார்கள், அருமையானது என்று பொருள். 1980களில் விறகை மிச்சப்படுத்துவதற்காக நாட்டில் பரப்பப்பட்ட அடுப்பு அது. பெயருக்கேற்ற கவனிப்பு நம் வீடுகளில் அதற்குக் கிடைப்பதில்லை. உடைந்த அஸ்பெஸ்டோஸ் தகட்டைக் காற்று மறைப்புக்கு அடுப்போரம் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சூட்டில் வெடித்துச் சிதறும், அதன் தூசியும் கூடாது.

சிரட்டைக் குவியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் எரிக்கச் சேர்த்து வைப்பதில்தான் டெங்கு நுளம்பு குஞ்சு பொரிக்கிறது. 2017ஆம் ஆண்டு இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம், போதாது. அந்த நுளம்பின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே வாளி, பழைய உரல், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் உட்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். விறகுக்கடியில் எலி இருந்திருக்கும், எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரால் பரவுகிறது. வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நின்று கூட்டுவது எங்கள் வீட்டில் எப்போதும் உம்மாதான்.

இனிப் புகை. மழைச்சாரலுக்காகத் தாவாரத்தின் மூன்று பக்கமும் பொலித்தீன் கட்டுகிறோம். மழை போன பிறகும் அதை அவிழ்ப்பதில்லை. வெளியே சமைக்கிறோம் என்று பெயர்தான், உண்மையில் ஒரு பைக்குள் நின்று சமைக்கிறோம். நனைந்த விறகும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பச்சை விறகின் எடையில் பாதி வரை நீராக இருக்கலாம். அந்த நீரை விரட்டவே நெருப்பில் ஒரு பகுதி செலவாகி, மிச்சம் புகையாக வருகிறது. வீட்டுக்குள் எரிபொருள் எரிப்பதால் உண்டாகும் புகை 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமாயிற்று என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எங்கள் உம்மம்மா நாற்பது வருஷம் விறகில் சமைத்தவர். இஷாவுக்குப் பிறகு அவர் இருமுவது ஒழுங்கைக்கே கேட்கும்.

அப்படியானால் இந்தப் பின்குசினியே எதற்கு, இடித்துவிடலாமே என்று என் தோழி கேட்டாள். அவள் வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் இருக்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் 2021 முடிவில் நாட்டின் பல இடங்களில் கேஸ் அடுப்புகள் வெடித்ததை நாம் மறந்துவிட முடியாது. அந்தச் செப்டெம்பரில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாவானது. விலை கொடுக்கத் தயாராக இருந்தாலும் சிலிண்டர் இல்லை. வரிசையில் வெற்றுச் சிலிண்டர்கள்தான் நின்றன. அதுவும் நோன்பு மாதம். அன்றைக்குக் கொழும்பில் விறகடுப்பு இருந்தவர்கள் இல்லாதவர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் சிங்கள வீட்டு அன்ரி ஒருவர் தன் அரிசியைக் கொண்டுவந்து எங்கள் அடுப்பில் வடித்துக்கொண்டு போவார். கேஸைவிட விறகு சிறந்தது என்று நான் வாதிடவில்லை. வைத்திருப்பதென்றால் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் இடித்துவிட வேண்டும். உம்மாவின் காலை நம்பி நடுவில் விட்டுவைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஹிஜ்ரி வருஷம் ஏறத்தாழ 11 நாள் குறுகியது. 2018இல் நோன்பு மே நடுவில், பருவமழையோடு வந்தது. இப்போது சில வருஷங்களாக வெயில் காலத்தில் வருவதால் ஓட்டைத் தகரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. 2030இல் நோன்பு ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் கடைசியில் மறுபடியும் தொடங்கும். அதற்குப் பிறகு அது நவம்பர் மழைக்குள் நகரும். அப்போது கஞ்சிச் சட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கப் போவது யார் என்று இப்போதே கேட்டுவைக்கிறேன்.

பெற்றோர் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒரு வேண்டுகோள். பெருநாள் செலவுக் கணக்கு எழுதும்போது முதல் வரியில் பின்குசினியை எழுதுங்கள். தகரம், பீலி, நாலு மூட்டை கல்லுடைசல். கல் தூக்குவதும் தரை இடிப்பதும் நானாமாரின் வேலையாகட்டும், அவர்களும்தான் கஞ்சி குடிக்கிறார்கள். தங்கைமார் விறகைக் காயப்போடலாம். இறப்பர் விறகு வாங்குவதானால் நோன்புக்கு ஒரு மாதமாவது முன்பே வாங்கிப் பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கிவைத்தால் போதும்.

இந்த ஜனவரியில் எங்கள் வீட்டில் வேலை தொடங்கியாயிற்று. வாப்பா பீலியை மாற்றினார். கல் இறங்கிய இடத்தைத் தோண்டியபோது முழங்கை ஆழத்துக்குக் குழி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உம்மம்மா, "இவ்வளவு பெரிய குழிக்கு மேலயா புள்ள நாங்க நெருப்பு மூட்டினோம்" என்று கேட்டார். பொலித்தீனை நானும் தங்கையும் அறுத்தெறிந்தோம். விறகு வெயிலில் கிடக்கிறது. தகரத்தின் ஒரு மூலைக்கு இன்னும் ஆணி அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து அடிப்பதாக நானா சொல்லியிருக்கிறார்.