சின்னப் பையனுக்கு லேசான துப்பாக்கியா?

அமெரிக்காவில் நவம்பர் வந்தாலே பல மாநிலங்களில் மான் வேட்டை சீசன் களைகட்டிடும். என் டீம்ல இருக்கிற ஒரு அமெரிக்க நண்பர், 12 வயசுப் பையனுக்கு முதல் ரைஃபிள் வாங்கப் போறாராம். "சின்னப் பையன், அதனால இருக்கிறதுலயே லேசானதாப் பார்க்கிறேன்"னார். நான் வேட்டைக்குப் போற ஆள் இல்லை. ஆனா இஞ்சினியரிங் படிச்சவன்கிட்ட இப்படிச் சொன்னா சும்மா இருக்க முடியுமா? :-)

வேட்டை சரியா தப்பாங்கிறது தனி விவாதம். கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சுன்னா எதைக் கொடுக்கணும்கிறதுதான் இங்கே கேள்வி.

எல்லாம் நியூட்டனோட மூன்றாம் விதிதான். குண்டு முன்னால போனா துப்பாக்கி பின்னால உதைக்கும். அதே தோட்டாவைப் போட்டு 8 பவுண்டு ரைஃபிளுக்குப் பதிலா 6 பவுண்டு ரைஃபிள்ல சுட்டா, உதையோட சக்தி மூணுல ஒரு பங்கு கூடும். தூக்கறதுக்கு லேசு, தோளுக்குத்தான் கஷ்டம்.

"ரெண்டு உதை வாங்கினாப் பழகிடும்"னு சிலர் சொல்வாங்க. பழகறது பயம்தான். அடுத்த தடவை விசையை அழுத்தறதுக்கு முன்னாடியே கண்ணு மூடிக்கும், தோள் சுருங்கும், குண்டு வேற எங்கேயோ போகும். அட்டையில தவறினாப் பரவாயில்லை. மானோட வயித்துல பட்டா அது உடனே சாகாது, மணிக்கணக்கா துடிக்கும். அதைப் பார்க்கிற பையன் மனசு என்ன ஆகும்?

அதனால தோட்டாவை முதல்ல பாருங்க. 1906-ல வந்த .30-06, அமெரிக்காவுல பல தாத்தாக்கள் வீட்டுல இருக்கிற ரகம். 8 பவுண்டு ரைஃபிள்ல அதோட உதை சுமார் 20 அடி-பவுண்டு. 1955-ல வந்த .243 வின்செஸ்டர்ல அது பாதிக்கும் கீழே. 2007-ல வந்த 6.5 கிரீட்மோர் இதைவிடக் கொஞ்சம் அதிகமா உதைக்கும், அவ்வளவுதான். மானுக்கு இந்த ரெண்டும் தாராளம். இதைவிடச் சின்னதுக்குப் போனா சட்டமே இடிக்கலாம். கொலராடோவில் மான் வேட்டைக்கு .24 காலிபருக்குக் கீழே அனுமதி இல்லை. பயிற்சிக்கு மட்டும் .22 அருமை, உதையே தெரியாது.

அடுத்தது கட்டையோட நீளம். பெரியவங்களுக்கான ரைஃபிள்ல விசையிலிருந்து கட்டை முனை வரைக்கும் சுமார் பதிமூன்றரை அங்குலம். பையனுக்கு ஒரு அங்குலமாவது குறையணும். இல்லேன்னா கட்டை தோள்ல சரியா உட்காராது, கண்ணும் ஸ்கோப்புக்கு நேரா வராது. முனையில நல்ல ரப்பர் பட்டையும் இருக்கட்டும். மஸில் பிரேக் மாட்டினா உதை குறையும், ஆனா சத்தம் காதைப் பிளக்கும். சத்தமும் பயமுறுத்தும் இல்லையா? காதுக்கவசம் எப்படியும் கட்டாயம்.

"8 பவுண்டை அவன் எப்படித் தூக்குவான்?"னு கேட்கலாம். நடக்கும்போது தோட்டா போடாம அப்பா தூக்கிட்டு வரட்டும். சுடும்போது ஒரு தாங்குகட்டையில வச்சுச் சுடட்டும். புதுசா கத்துக்கிறவன் அப்படிச் சுடறதுதான் நல்லதும்கூட.

என்னைக் கேட்டா, ஓரளவு எடையுள்ள, கட்டை குட்டையான .243 போதும். இன்னும் பெரிய துப்பாக்கியைத் தூக்க வாழ்க்கை பூரா நேரம் இருக்கு. முதல்ல பையன் கண்ணைத் திறந்து வச்சுச் சுடக் கத்துக்கட்டும்.