கோப்பைத் தேடும் கூத்து

டெக் அச்சுக்கோப்பு மென்பொருளில் இனிப் புதிய வசதி எதுவும் சேர்க்கப் போவதில்லை என்று டொனால்ட் நூத் 1990-இல் அறிவித்துவிட்டார். பிழை திருத்தும்போது மட்டும் பதிப்பு எண் 'பை'-யை நோக்கி ஓர் இலக்கம் நகரும். 2021-இல் 3.141592653-க்கு வந்தது. (கடைசி எழுத்து எக்ஸ் அல்ல, கிரேக்க எழுத்து. 'டெக்ஸ்' என்று சொன்னால் பழைய ஆட்கள் முறைப்பார்கள்.) "அன்றைக்கு எழுதின கோப்பு இன்றைக்கும் அப்படியே அச்சாகும்" என்று ரசிகர்கள் மார்தட்டுவது இதை வைத்துத்தான். நானும் ரசிகன்தான். ஆனாலும் சொல்கிறேன், இது பாதி உண்மை.

வரியை எங்கே உடைப்பது என்பது உறைந்துவிட்டது. கேட்ட கோப்பை எங்கே போய்த் தேடுவது என்பது உறையவே இல்லை.

நூத்தின் மூல நிரலில் விதி சின்னது. இன்புட் கட்டளையில் வரும் பெயருக்குப் பின்னொட்டு இல்லையென்றால் '.டெக்' சேர்க்க வேண்டும், இருந்தால் தொடக்கூடாது. முதலில் நடப்பு டைரக்டரி, அங்கே கிடைக்காவிட்டால் பொது இடம். அவ்வளவே.

இன்று பலரும் வைத்திருக்கும் டெக் லைவ், கேபாத்ஸீ என்ற நிரல் நூலகத்தை வைத்துத் தேடுகிறது. அதன் இயல்பு அமைப்பில் நீங்கள் 'அளவு.டேட்' கேட்டால், முதலில் 'அளவு.டேட்.டெக்' இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு போய்விடும்! எச்சரிக்கை கிடையாது. எந்தக் கோப்பு திறந்தது என்பது லாக்கில் இருக்கும், யார் படிக்கிறார்கள்? கோப்பு கிடைக்காமல் நின்றால் பரவாயில்லை, தெரிந்துவிடும். வேறு கோப்பு கிடைத்து, ஆய்வுக்கட்டுரையில் வேறு அட்டவணை அழகாக அச்சாகி வந்தால்?

இன்னொன்று கேளுங்கள். கோப்பை வரிவரியாகப் படிக்க ஓபன்இன் என்று ஒரு கட்டளை உண்டு. நூத்தின் நிரலில் அது நடப்பு டைரக்டரியை மட்டும் பார்க்கும். டெக் லைவிலோ இன்புட் தேடும் இடமெல்லாம் தேடும். ஒரு கோப்பு இருக்கிறதா என்று சோதிக்க லேட்டெக் நம்பியிருப்பது இந்த ஓபன்இன்னைத்தான். இரண்டும் வேறு வேறு இடத்தில் தேடும் கணினிகளுக்காக லேட்டெக்கில் தனியாக ஒரு பாதைப் பட்டியலே வைக்க வேண்டியதாயிற்று. கதவு இருக்கிறதா என்று கேட்க ஒரு தெரு, கதவைத் திறக்க வேறு தெரு!

பிறகு 2018. அந்த வருஷப் பதிப்பிலிருந்து டெக் லைவ், நம் சொந்தக் கோப்புகளைத் தேடும்போது கேபிட்டல் எழுத்து, ஸ்மால் எழுத்து வித்தியாசத்தை மன்னித்துவிடுகிறது. லினக்ஸில் உங்களுக்குத் தெளிவாக ஓடும் ஆவணம், 2017 பதிப்பு வைத்திருக்கும் நண்பரிடம் "கோப்பு இல்லை" என்று முட்டி நிற்கும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் 'உறைந்த மொழி' என்ற பெருமை என்ன ஆயிற்று?

"கேபாத்ஸீ கையேட்டில் எழுதியிருக்கிறதே" என்பார்கள். நிறையவே எழுதியிருக்கிறது. ஆனால் அது ஒரு நிரல் நூலகத்தின் கையேடு, மொழியின் இலக்கணம் அல்ல. டெக்புக்கைக் கரைத்துக் குடித்தவருக்கும் 'அளவு.டேட்.டெக்' விவகாரம் தெரிய வாய்ப்பில்லை. மிக்டெக் தன் சொந்தத் தேடல் முறையை வைத்திருக்கிறது. ஜீடெக்கிலிருந்து கிளைத்த டெக்டானிக், வேண்டிய கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. புதிதாக ஒன்று எழுத வருகிறவர், பழைய ஆவணங்கள் ஓட வேண்டுமானால், டெக் லைவின் பழக்கவழக்கங்களையும் சேர்த்துத்தான் நகலெடுக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பழக்கவழக்கம்தான் நடைமுறையில் மொழி. பிறகு ஏன் அதற்கு இலக்கணம் எழுதக் கூச்சம்?

நூத்தைக் குறை சொல்லமாட்டேன். 1982-இல் கணினிக்குக் கணினி கோப்புப் பெயரே வேறு மாதிரி. "இது அந்தந்தக் கணினியைப் பொறுத்தது" என்று அவர் விட்டது நியாயம். இன்றைக்கு அந்தச் சாக்கு எடுபடாது.

டெக் என்று பெயர் வைத்துக்கொள்ள ஒரு நிரல் நூத்தின் டிரிப் சோதனையில் தேற வேண்டும். கோப்புத் தேடலுக்கும் அப்படி ஒன்று வேண்டும். பெரிய வேலை இல்லை: இரட்டைப் பின்னொட்டு, கேபிட்டல் எழுத்து, நடுவில் இடைவெளி என்று வில்லங்கமான பெயர்களோடு பத்திருபது குட்டிக் கோப்புகள், எது திறந்தது என்று அச்சிடும் ஓர் ஆவணம். எல்லா நிரல்களும் ஒரே விடை சொல்ல வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. எங்கே வேறுபடுகிறார்கள் என்று ஓர் அட்டவணை போட்டால் போதும்.

அது வரும்வரை என் கோப்புகளுக்கெல்லாம் ஸ்மால் எழுத்து, ஒரே ஒரு புள்ளி, முழுப் பின்னொட்டு. இடைவெளியா? மூச்!