‘12 வோல்ட் தானே, என்ன ஆகிடும்?’ - கேரவன் மின்சாரம்: 5 தவறான நம்பிக்கைகள்

கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்பது பழைய கதை. இப்போது பலர் பழைய வேனை வாங்கி, கட்டில், ஃபேன், இண்டக்‌ஷன் அடுப்பு வைத்து வார இறுதியில் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் இரவு வண்டியை நிறுத்தி, காலையில் பூவராக சுவாமியைத் தரிசித்துவிட்டு, சிதம்பரம், பிச்சாவரம் என்று போகலாம். ரூம் தேடும் அலைச்சல் இல்லை. ஆனால், வீட்டு மின்சாரப் பழக்கத்தை அப்படியே வண்டிக்குள் கொண்டுவருவதில்தான் ஆபத்து.

1. ‘ஜெனரேட்டர் வெளியேதானே ஓடுது!’

2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்ஐடி ஆய்வில் தெரிந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

2. ‘12 வோல்ட் ஷாக் அடிக்காது’

பொதுவாக அடிக்காது, உண்மைதான். ஆனால் தீப்பிடிக்கும். 1,000 வாட் கருவிக்கு வீட்டில் 230 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் போதும். அதையே 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வைத்து ஓட்டினால், பேட்டரி வயரில் 80 ஆம்பியருக்கு மேல் பாயும். வீட்டு வயரை அங்கே போட்டால் சூடாகி உருகிவிடும்.

3. ‘ஃபியூஸ் போயிடுச்சா? பெருசா போடு!’

ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்து ஊரான விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போனது. பழைய வீடுகளின் வெள்ளை பீங்கான் ஃபியூஸ் கேரியர் நினைவிருக்கிறதா? அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று அதில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றுவார்கள். வண்டியிலும் 30 ஆம்பியர் ஃபியூஸ் போனால் 60 ஆம்பியர் போடும் வழக்கம் அதே ரகம்தான். ஃபியூஸ் முதலில் காப்பாற்றுவது வயரை. ஃபியூஸ் பெரிதானால், அது போவதற்கு முன்பே வயர் எரியும். வயரின் தாங்கு திறனுக்கு ஏற்ற ஃபியூஸை, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே மாட்ட வேண்டும்.

4. ‘ரப்பர் டயர் இருக்கே, எர்த் எதுக்கு?’

இதுதான் தலைகீழான நம்பிக்கை. டீக்கடையிலோ மண்டபத்திலோ இரண்டு கம்பி எக்ஸ்டென்ஷன் போட்டு வண்டிக்குக் கரன்ட் எடுக்கிறார்கள். உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டால், ரப்பர் டயர் அந்தக் கரன்ட்டைத் தரைக்குப் போகவிடாது. வண்டி முழுக்க 230 வோல்ட்டோடு நிற்கும். ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுபவர் வழியாகவே அது தரைக்கு இறங்கும். எர்த் உள்ள மூன்று கம்பி வயரும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம் வேண்டும்.

5. ‘மேலே சோலார் இருக்கு, ஏசி போடலாம்’

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஏஎச் பேட்டரியில் இருப்பது 1.2 யூனிட். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி என்றால் அதில் பாதியை எடுப்பதுதான் நல்லது. 1,500 வாட் அடுப்பு அதை 20 நிமிடத்தில் காலி செய்துவிடும். 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் தருவது அரை யூனிட்டுக்கும் குறைவு. ஒரு டன் ஏசி அதை அரை மணி நேரத்தில் குடித்துவிடும். ஃபேன், லைட், மொபைல் சார்ஜ் என்றால் தாராளம். ஏசி ஓடாதபோதுதான் பலர் ஜெனரேட்டரைத் தேடுகிறார்கள். அது முதல் நம்பிக்கையில் கொண்டுபோய் விடுகிறது.

என்ன செய்யலாம்?

மோட்டார் கேரவன்களுக்கென ஏஐஎஸ்-124 என்ற தனித் தரநிலை இந்தியாவில் இருக்கிறது. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் கட்டில் போட்டு மாற்றப்படும் வேன்களின் வயரிங்கை யார் பார்ப்பது? எஃப்.சி.க்கு வரும்போது பிரேக், லைட்டோடு ஃபியூஸ், எர்த், ஜெனரேட்டர் புகைக்குழாயையும் பார்த்தால் உயிர்கள் மிஞ்சும்.

அதுவரை, வண்டியை வாடகைக்கு எடுப்பவர்கள் மூன்று கேள்வி கேட்கலாம்: பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா? ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கட் ஆகிறதா? கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், வேறு வண்டி பார்ப்பதே நல்லது.